மௌமி ஆற்றில் வசந்தகால வால்ஐ: மீன் படாதபோது எங்கே பிழை பார்ப்பது

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், மார்ச் மாதத் தொடக்கத்தில் பனி உருகி நீர் ஏறத் தொடங்கியதும், ஈரி ஏரியின் மேற்குப் பகுதியிலிருந்து வால்ஐ மீன்கள் முட்டையிடுவதற்காக மௌமி ஆற்றில் ஏறி வருகின்றன. இந்த வரத்து ஏப்ரல் இறுதி வரை நீடிக்கிறது. மார்ச் மாதக் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் பாதியும் பெரும்பாலும் அதன் உச்சமாக இருக்கும். டொலிடோவுக்குச் சற்று மேலே, மௌமி நகரமும் பெரிஸ்பர்க் நகரமும் எதிரெதிர்க் கரைகளில் அமைந்திருக்கும் பகுதியில், ஆறு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் கல்லும் சரளையுமாக ஓடுகிறது. தொடையளவு நீரில் இறங்கி, வரிசையாக நின்று தூண்டில் போடுவது அங்குள்ள வழக்கம். டெட்ராய்ட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், அந்தப் பக்கம் குடியேறியிருக்கும் தமிழர்கள் பலருக்கும் எட்டக்கூடிய ஆறு இது.

முதன்முறை வருபவர் வெறுங்கையோடு திரும்பினால், முள் பொருத்திய செயற்கை இரையான ஜிக்கின் நிறம் சரியில்லை என்று எண்ணிக் கடைக்குப் போய் வேறு நிறங்களை வாங்கி வருவதே வழக்கமாக நடக்கிறது. நிறம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் ஆற்றின் நிலை, அடுத்து நிற்கும் இடம், அதன் பிறகு ஈயத்தின் எடை, பிறகு முன்நரம்பின் நீளம், இவை எல்லாம் சரியாக இருந்தும் மீன் படவில்லை என்றால் மட்டுமே நிறம். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த வரிசையிலேயே காரணம் தேடியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தூண்டில் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீலிலிருந்து வரும் முதன்மை நரம்பில், 10 அல்லது 12 பவுண்டு தாங்கும் வகை போதும், ஓர் ஈயத்தைக் கோத்து, அதற்குக் கீழே ஒரு மணியையும் சுழல் வளையத்தையும் கட்ட வேண்டும். வளையத்தின் மறுபுறத்தில் 8 பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பை ஒன்றரை முதல் இரண்டரை அடி நீளத்துக்குக் கட்டுகிறோம். அதையே இங்கே முன்நரம்பு என்கிறேன். அதன் நுனியில் மிதக்கும் ஜிக் தலையும், இரண்டு மூன்று அங்குல நீளமுள்ள சுருள் ரப்பர் வாலும் இருக்கும். ஈயம் அடியில் உருள, ஜிக் மட்டும் கல்லுக்குச் சற்று மேலே மிதந்து வர வேண்டும். வால்ஐ படுத்திருப்பதும் அந்த உயரத்தில்தான்.

ஆறு முழுக்க ஆள் நின்றும் எவருக்கும் மீன் படவில்லை

இது உங்கள் கையில் உள்ள பிழை அல்ல, ஆற்றின் நிலை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இதைக் கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் மௌமி ஆற்றின் வாட்டர்வில் நிலையத்தில் நீர் ஓட்டத்தையும் நீர்மட்டத்தையும் தொடர்ந்து அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. அந்த நிலையம் மீன்பிடிக்கும் பகுதிக்குச் சில மைல் மேலே இருப்பதால், அங்கே ஏறும் நீர் சிறிது நேரத்தில் உங்கள் காலடிக்கு வந்து சேரும். அந்த வரைபடத்தில் ஓர் எண்ணை மட்டும் பார்ப்பதால் பயன் குறைவு. கடந்த மூன்று நான்கு நாட்களில் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலையாக நிற்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பெருமழைக்குப் பின் செங்குத்தாக ஏறும் நாட்களில் இறங்கவே கூடாது. ஏறிய நீர் வடிந்து, ஓட்டம் மெல்லக் குறைந்துவரும் நாட்கள்தான் நல்ல நாட்கள்.

அடுத்தது நீரின் வெப்பநிலை. ஒரு சிறிய வெப்பமானியை நரம்பில் கட்டி நீரில் இரண்டு நிமிடம் விட்டாலே தெரிந்துவிடும். நீர் ஏறத்தாழ 5 பாகை செல்சியசைக் கடந்தபின் வரத்து சூடுபிடிக்கிறது. 6 முதல் 10 பாகை வரை முட்டையிடும் வேலை மும்முரமாக நடக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் ஆண் மீன்கள் சில முன்கூட்டியே வந்து கிடக்கலாம், ஆனால் கூட்டம் கீழே ஏரியோரத்தில்தான் காத்திருக்கும்.

மூன்றாவது கலங்கல். மௌமியின் வடிநிலம் பேரேரிகளில் கலக்கும் எல்லா ஆறுகளின் வடிநிலங்களிலும் பெரியது. அதன் ஒரு பெரும்பகுதி முன்பு கிரேட் பிளாக் சதுப்புநிலமாக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடிகால் வெட்டி விளைநிலமாக்கப்பட்ட களிமண் பூமி. ஆகவே ஒரு நல்ல மழை பெய்தாலே ஆறு பால் ஊற்றிய தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலான நீரில் மற்ற மீன்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முழங்காலளவு நீரில் நின்று குனிந்து பார்த்தால் உங்கள் காலணியின் முனை மங்கலாகவாவது தெரிய வேண்டும். கணுக்காலே தெரியவில்லை என்றால் அன்று கரையை நடந்து பார்த்துப் பழகிக்கொள்வதோடு திருப்தி அடையலாம். அதுவும் வீண் நாள் ஆகாது.

ஒவ்வொரு வீச்சிலும் அடியில் மாட்டிக்கொள்கிறது

புதியவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இதனால்தான், எனவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் பெட்டியில் உள்ள ஜிக்குகள் அனைத்தையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு, இந்த ஆறே இப்படித்தான் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பத்து வீச்சில் ஓரிரு முறை மாட்டுவது இயல்பு. அடியைத் தொடாமல் வால்ஐ பிடிக்க முடியாது என்பதால் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் மாட்டினால் ஈயம் அதிகம்.

இதைக் கையாலேயே அறியலாம். ஈயத்தை வீசியபின், கோலின் நுனியைச் சற்று உயர்த்தி, நரம்பைச் சுட்டுவிரலில் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். ஈயம் கல்லில் பட்டு எழும்போது ஒரு சிறு தட்டு விரலுக்கு வரும். ஒரு தட்டு, சிறு இடைவெளி, மீண்டும் ஒரு தட்டு என்று ஈயம் நீரோடு நடந்துபோனால் எடை சரி. இடைவெளியே இல்லாமல் கரகரவென்று உரசிக்கொண்டே வந்தாலோ, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாலோ, கனம் கூடுதல். அரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 14 கிராம் போட்டிருந்தால் கால் அவுன்சுக்குக் குறைத்துப் பாருங்கள். கால் அவுன்சிலிருந்து ஒரு அவுன்ஸ் வரை நான்கைந்து எடைகளைக் கையில் வைத்திருப்பது, பத்து நிற ரப்பர் வால்கள் வைத்திருப்பதைவிடப் பயனுள்ளது.

எடையைக் குறைத்தும் மாட்டினால் வீசும் கோணத்தைப் பாருங்கள். பெரிஸ்பர்க் கரையில் எதிர்க்கரையைப் பார்த்து நிற்பவருக்கு ஆறு இடமிருந்து வலமாக ஓடுகிறது. நேர் எதிரே உள்ள திசையைக் கடிகாரத்தின் 12 என்று கொண்டால், 11 மணித் திசையில் வீசி, ஈயம் அடியைத் தொட்டதும் தளர்ந்த நரம்பைச் சுருட்டி இறுக்கி, அது வளைந்து 2 மணித் திசைக்கு வரும் வரை விட வேண்டும். 9 மணித் திசையில், அதாவது ஓட்டத்துக்கு நேர் எதிராக வீசினால், ஈயம் உங்களை நோக்கியே உருண்டுவரும். நரம்பு தளர்ந்து, கற்களுக்கிடையே இறங்கிவிடும். 2 மணியைத் தாண்டி விட்டுவைத்தாலும் ஈயம் கீழ்த்திசையில் ஏதோ ஒரு பிளவில் போய் அமர்ந்துவிடும். மாட்டுவதில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கிறது.

மாட்டியபின் கோலை வளைத்து வெட்டி வெட்டி இழுப்பதால் கோல் முறியும், ஈயம் விடுபட்டால் முகத்தை நோக்கிப் பாயும். முதலில் சில அடி மேல்திசைக்கு நகர்ந்து, வேறு கோணத்திலிருந்து மெல்ல அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் கோலை நரம்புக்கு நேராக நீட்டி, ரீலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருபுறம் திருப்பி, நிதானமாகப் பின்னால் சாயுங்கள். முன்நரம்பு முதன்மை நரம்பைவிட மெலிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே: அறுந்தால் ஜிக் மட்டும் போகும், ஈயமும் வளையமும் மிஞ்சும், ஆற்றின் அடியில் நீண்ட நரம்பு மிதந்துகொண்டிருக்காது. பின்னல் நரம்பைப் பயன்படுத்துபவர்கள் அதை விரலில் சுற்றி இழுக்கக் கூடாது, தோலை அறுத்துவிடும்.

எதுவுமே தட்டவில்லை, ஈயம் அடியைத் தொடுவதாகவே தெரியவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. நரம்பு வில்லாக வளைந்து, வீசிய சில நொடிகளிலேயே ஜிக் கீழ்த்திசைக்குப் போய்விடுகிறது என்றால் ஈயம் போதவில்லை. ஒரு படி கூட்டுங்கள். நீர் ஏறிய நாட்களில் முக்கால் அவுன்சும் தேவைப்படும். கூட்டியும் தட்டு தெரியவில்லை என்றால் நரம்பு தடிமனாக இருக்கலாம், ஏனெனில் தடித்த நரம்பை ஓட்டம் அதிகமாக இழுக்கும். கோலின் நுனியைத் தாழ்த்தி வைத்திருப்பதும் ஒரு காரணம்.

பக்கத்தில் நிற்பவருக்குப் படுகிறது, எனக்குப் படவில்லை

இந்த அறிகுறியை நான் வரவேற்பேன், ஏனென்றால் மீன் இருக்கிறது, நீரும் சரியாக இருக்கிறது என்ற இரண்டு பெரிய கேள்விகளுக்கு இதிலேயே விடை வந்துவிடுகிறது. மிச்சமிருப்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு மட்டும். சற்று நேரம் தூண்டிலை எடுத்துவிட்டு அவரைப் பாருங்கள். அவர் எந்தத் திசையில் வீசுகிறார், ஈயம் எவ்வளவு தூரம் நடக்கிறது, எந்த இடத்தில் மீன் கடிக்கிறது என்பதைக் கவனித்தால் பாதி தெரிந்துவிடும். கேட்கவும் தயங்க வேண்டாம். வரிசையில் நிற்பவர்களில் பலர் ஆண்டுதோறும் வருபவர்கள். எவ்வளவு ஈயம் போட்டிருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். எந்த நிறம் என்று கேட்பதைவிட எந்த எடை, எவ்வளவு நீள முன்நரம்பு என்று கேட்பதே பயன் தரும்.

நீரின் பரப்பைப் படிப்பது அடுத்த வேலை. வால்ஐ முட்டையிட வந்த மீன். அது வேகமான நடு ஓட்டத்தில் நின்று சக்தியை வீணாக்காது. விரைவாக ஓடும் நீரும் மெதுவாக ஓடும் நீரும் உரசிக்கொள்ளும் இடத்தில் பரப்பில் ஒரு கோடு தெரியும்: ஒருபுறம் சிறு அலைகள் துள்ளும், மறுபுறம் நீர் வழவழப்பாக இருக்கும், இடையே நுரையும் சருகும் வரிசையாகப் போகும். அந்தக் கோட்டின் மெதுவான பக்கத்தில், அடியில், மீன்கள் தலையை மேல்திசைக்கு வைத்துக் கிடக்கின்றன. பெரிய கல்லுக்குப் பின்னாலும், சரளைத் திட்டு முடிந்து ஆழம் சட்டென்று கூடும் விளிம்பிலும் அவ்வாறே. உங்கள் வீச்சு அந்தக் கோட்டைத் தாண்டி விழுந்து, அதன் குறுக்கே நடந்து வருகிறதா என்பதே கேள்வி. பக்கத்து ஆளுக்கும் உங்களுக்கும் பத்தடிதான் இடைவெளி என்றாலும், அவருடைய ஜிக் அந்தக் கோட்டில் போகலாம், உங்களுடையது அதற்கு உள்ளே வெறும் கல்லில் உருளலாம்.

புதியவர்கள் செய்யும் மற்றொன்று, நீரில் ஆழமாக இறங்கிவிடுவது. விடியற்காலையில் முழங்காலளவு நீரிலேயே மீன்கள் இருக்கும், ஏனென்றால் அவை முட்டையிடுவது பெரும்பாலும் இரவில், ஆழமில்லாத சரளையில். கரையிலிருந்தே முதல் சில வீச்சுகளைப் போட்டுவிட்டு, பிறகு ஓரிரு அடியாக உள்ளே போகலாம். மார்பளவு நீருக்குள் போய் நிற்பவர், தாம் பிடிக்க வந்த மீனின் மேலேயே நின்றுகொண்டிருக்கக்கூடும்.

இடமும் எடையும் ஒத்துப்போனபின் முன்நரம்பைப் பாருங்கள். நீர் தெளிந்த நாளில் இரண்டரை அடி, சில சமயம் மூன்றடி வரை நீட்டலாம். கலங்கலில் ஒன்றரை அடிக்குக் குறைப்பது நல்லது. ஜிக் ஈயத்தின் பின்னாலேயே நேராக வரும், மீனுக்கு அதைக் கண்டுகொள்ள அவகாசம் கிடைக்கும். அதன் பிறகு நிறம்: கலங்கலுக்குப் பளிச்சென்ற பச்சை மஞ்சளும் ஆரஞ்சும், தெளிவுக்கு வெள்ளையும் இளஞ்சிவப்பும் எனத் தொடங்கலாம்.

தட்டுவது தெரிகிறது, ஆனால் முள் ஏறுவதில்லை

கல்லின் தட்டையும் மீனின் கடியையும் பிரித்தறிவதுதான் இங்கே கைப்பழக்கம். கல்லின் தட்டு கூர்மையாக, சட்டென்று முடியும். வால்ஐயின் கடி பல சமயம் தட்டாகவே வராது: நடந்துகொண்டிருந்த ஈயம் நின்றுவிடும், நரம்பில் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு கனம் தோன்றும், அல்லது இறுக்கமாக இருந்த நரம்பு திடீரென்று தளரும். முட்டையிட வந்த மீன் பசியோடு பாய்ந்து விழுங்குவதில்லை. கண்முன்னே வந்ததை வாயால் பற்றிப் பார்த்துவிட்டு உமிழ்ந்துவிடுகிறது. ஆகவே கனம் தெரிந்தவுடன் மணிக்கட்டை மட்டும் உயர்த்தி நரம்பை இறுக்கினால் போதும்.

ரப்பர் வாலின் நுனி மட்டும் கடிபட்டுத் திரும்பி வருகிறது என்றால் வால் நீளம். அரை அங்குலம் கிள்ளிவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். முள்ளின் முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, கல்லில் உரசி உரசி ஓரிரு மணி நேரத்திலேயே மழுங்கிவிடும் என்பதால், ஒரு சிறிய அரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

மீன் வருகிறது, ஆனால் முள் வாயில் இல்லை

முதுகிலோ வயிற்றிலோ துடுப்பிலோ முள் ஏறி மீன் பக்கவாட்டில் இழுபட்டு வந்தால், அந்த மீனை அங்கேயே விட்டுவிட வேண்டும். வசந்தகால வரத்தின்போது மௌமி, சாண்டஸ்கி ஆறுகளில் வாய்க்குள் முள் ஏறாத மீனை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். மார்ச் 1 முதல் மே 1 வரை மௌமியின் இந்தப் பகுதியில் சூரியன் எழுந்தபின்னும் மறைவதற்கு முன்னும் மட்டுமே மீன் பிடிக்கலாம் என்பதும், தண்டுக்கும் முனைக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மிகாத ஒற்றை முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பதும் இதே நோக்கத்தோடு வகுக்கப்பட்டவை. மும்முனை முள்ளுக்கு இடமே இல்லை. 16 வயது நிறைந்தவர்களுக்கு உரிமம் வேண்டும். மீனின் குறைந்தபட்ச நீளம் 15 அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். ஒருவருக்கு ஒரு நாளில் 6 மீன்கள் என்ற வரம்பு உண்டு. எண்ணிக்கை வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால், ஓஹியோ வனவிலங்குப் பிரிவு வெளியிடும் அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

ஒரு மீன் இப்படி வந்தால் அது தற்செயல். அடுத்தடுத்து வந்தால் உங்கள் முறையில் கோளாறு இருக்கிறது. வழக்கமான காரணங்கள் மூன்று. வீச்சின் முடிவில் பெரிதாக வெட்டி இழுத்துவிட்டுச் சுருட்டுவது முதலாவது. நெருக்கமாகக் கிடக்கும் மீன்களின் நடுவே அந்த இழுப்பு முள்ளை எதன்மீதாவது ஏற்றிவிடும். இரண்டாவது, முன்நரம்பு மிக நீளமாக இருப்பது. ஓட்டத்தில் அது மீனின் உடலுக்குக் குறுக்கே போய்ப் படியும். மூன்றாவது, ஈயம் அதிகமாகி ஓரிடத்தில் நிற்க, நரம்பு மட்டும் வில்லாக வளைந்து மீன்களின் மேல் உரசுவது. முன்நரம்பை ஒன்றரை அடிக்குக் குறைத்து, ஈயத்தை ஒரு படி இறக்கி, வீச்சு முடிந்ததும் நிதானமாகச் சுருட்டினால் இது பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது. கூடு கட்டாமல், காவல் காக்காமல், சரளையில் சிதறவிட்டுப் போய்விடுகிறது. வயிற்றில் குத்துப்பட்ட ஒரு பெண் மீனோடு அவ்வளவும் வீணாகலாம்.

மீனைக் கரைசேர்க்கும் முன் அறுந்துபோகிறது

ரீலின் டிராக், அதாவது நரம்பு வெளியே ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிடி, இறுக்கமாக இருக்கிறது. கையால் நரம்பை இழுத்தால் சற்று எதிர்ப்போடு வெளியே வர வேண்டும். பெரிய மீன் பட்டால் அருகில் உள்ளவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, அதனோடு ஓரிரு அடி கீழ்த்திசைக்கு நகர்ந்து, மெதுவான நீருக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். முடிச்சில் அறுந்திருந்தால் முடிச்சை நீரில் நனைக்காமல் இறுக்கியிருப்பீர்கள்.

நேற்று நன்றாகப் பட்டது, இன்று அதே இடத்தில் ஒன்றுமில்லை

மீன் இடம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் நீர்மட்டம் மாறியதால். நீர் ஏறினால் கரையோரத்துக்கும் மேல்திசைக்கும் நகரும், இறங்கினால் ஆழமான ஓடைகளுக்கும் கீழ்த்திசைக்கும் பின்வாங்கும். மௌமி நகரக் கரையில் உள்ள சைட் கட் பூங்காவின் புளூகிராஸ் தீவுப் பக்கம் நேற்று நல்ல பிடிப்பு இருந்தது என்றால், நீர் இறங்கிய இன்று எதிர்க்கரையில் ஃபோர்ட் மெய்க்ஸ் பக்கமோ அதற்குக் கீழே ஆர்லியன்ஸ் பூங்காவிலோ பார்க்கலாம். இரவில் வெப்பம் சரிந்து நீர் இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருந்தால் மீன் அங்கேயே இருந்தும் வாய் திறக்காது. அன்று காலையில் ஓடிவருவதைவிட வெயில் ஏறிய பிற்பகலில் வருவது மேல்.

இந்த ஆற்றுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது, அதன் மேற்குப் பகுதி ஆழம் மிகக் குறைவு. பலத்த தென்மேற்குக் காற்று வீசும்போது ஏரி நீர் கிழக்கே ஒதுங்கி, டொலிடோ பக்கம் நீர்மட்டம் அடிக்கணக்கில் இறங்கிவிடும். வடகிழக்குக் காற்று அடித்தால் மாறாக ஏறும். ஆற்றின் கீழ்ப்பகுதி ஏரியோடு ஒரே மட்டத்தில் இருப்பதால், ஒரு துளி மழை இல்லாமலேயே அங்கே நீர் ஏறி இறங்கும். மேலே வாட்டர்வில்லின் வரைபடம் அசையாமல் இருந்தும் கீழே நீங்கள் நின்ற திட்டு மறைந்துவிட்டது என்றால் காற்றைப் பாருங்கள்.

கால் நிலைகொள்ளவில்லை

திரும்பிவிடுங்கள். வேறு எந்த அறிகுறிக்கும் இத்தனை சுருக்கமான பதில் இல்லை. 5 பாகை நீரில் விழுந்தவரின் கைவிரல்கள் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். இந்த ஆற்றில் வரத்துக் காலத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. மார்புவரை வரும் ரப்பர் காலாடையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்தாலும் உள்ளே நீர் வேகமாக நிரம்பாது. ஊன்றுகோல் ஒன்றை இடுப்பில் கட்டிவைத்துக்கொண்டு, அதை மேல்திசையில் ஊன்றி, ஒரு காலை நிலைநிறுத்தியபின் மறுகாலை நகர்த்துங்கள். காற்றடைக்கும் மெல்லிய உயிர்காப்பு அங்கி மீன்பிடிக்கத் தடையாக இராது.

தீவுகளுக்கு நீரைக் கடந்து போகும்போது தனிக் கவனம் வேண்டும். போகும்போது முழங்காலளவு இருந்த இடம், மேலிருந்து வெள்ளம் வந்தால் திரும்பும்போது இடுப்பளவாகிவிடும். கடக்கும் இடத்தில் நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து அவ்வப்போது பாருங்கள். குச்சி நீருக்குள் போகத் தொடங்கினால் எவ்வளவு மீன் பட்டுக்கொண்டிருந்தாலும் கரைக்கு வந்துவிட வேண்டும். மிதந்து வரும் மரக்கிளைகள் கூடுவதும், நீரின் நிறம் மாறுவதும் அதே எச்சரிக்கைதான்.

பட்டது வால்ஐதானா என்று ஐயம்

வால் துடுப்பின் கீழ் நுனியைப் பாருங்கள்; வால்ஐக்கு அங்கே வெள்ளைத் திட்டு இருக்கும். கண்கள் பெரிதாக, கண்ணாடி பூசியதுபோல மின்னும். முதுகின் முன்துடுப்பு முட்களாலானது, செவுள்மூடியின் விளிம்பு கத்திபோல் கூரானது, வாயில் பற்கள் உண்டு. ஆகவே கீழ்த்தாடைக்குள் விரலை விட்டுப் பிடிக்கக் கூடாது. தலைக்குப் பின்னால் மேலிருந்து அழுத்திப் பிடிக்கலாம், அல்லது வலையிலேயே வைத்து முள்ளைக் கழற்றலாம். விடப்போகும் மீனை ஈரக்கையால் மட்டும் தொடுங்கள்.

சிறியவையே படுகின்றன

அவை ஆண் மீன்கள். ஆண்கள் முன்னதாக வந்து வாரக்கணக்கில் ஆற்றிலேயே தங்குகின்றன. பெண்களோ வந்து முட்டையிட்டுவிட்டு விரைவில் ஏரிக்குத் திரும்பிவிடுகின்றன. 16 முதல் 20 அங்குலம் வரையுள்ள ஆண் மீன்கள் சமையலுக்கு மிகச் சரியான அளவு. பெரிய பெண் மீன் பட்டால் சட்டம் அனுமதித்தாலும் அதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்வேன். வைத்துக்கொள்ளும் மீனை உடனே செவுள் அறுத்து இரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியில் வையுங்கள். கயிற்றில் கோத்து மணிக்கணக்கில் நீரில் இழுத்துத் திரிந்தால் சதை தளர்ந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் வால்ஐ நின்று, வெள்ளிநிறச் சிறுமீன்களே வருகின்றன

வரத்து முடிந்துவிட்டது, வருவது வெள்ளை பாஸ். நீர் சூடாகும்போது அவை முட்டையிட ஆற்றில் ஏறி, மே மாதத்தில் உச்சத்தை அடைகின்றன. உடலில் நீளவாக்கில் கருங்கோடுகள் இருக்கும். ஈயத்தை ஒரு படி குறைத்து, ரப்பர் வாலை இரண்டு அங்குலத்துக்குச் சிறிதாக்கி, நடுநீரில் சற்று வேகமாகச் சுருட்டினால் தாராளமாகப் படும். வால்ஐதான் வேண்டும் என்பவர்கள் இனி படகில் ஏரியின் மேற்குப் பகுதிக்குத்தான் போக வேண்டும். முட்டையிட்டு முடித்த மீன்கள் அங்கே பரவி, அதன் பின் படிப்படியாகக் கிழக்கே நகர்கின்றன.